டேனிய மொழியின் நிறைவுக்காலமும் தமிழின் ‘இரு’ துணைவினையும்

1. முன்னுரை

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. நிகோபார்த் தீவுகளுக்கு 1756 முதல் அவர்கள் உரிமை கொண்டாடினர். காய்ச்சலால் அங்குக் குடியேற்றம் நிலைக்கவில்லை. 1868இல் அவ்வுரிமை பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. இக்காலத்தைச் சேர்ந்த டேனிய ஆவணங்கள் கோபன்ஹேகன் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இத்தகைய எழுத்துகளைத் தமிழாக்குவோர் கருத்தூன்ற வேண்டிய இலக்கணக் கூறுகளுள் ஒன்று நிறைவுக்காலம். முடிந்த செயலின் பயன் பேசும் நேரத்திலும் தொடர்வதைக் குறிக்கும் வடிவம் இது. டேனிய மொழியில் இதன் அமைப்பையும் தமிழில் இதற்கு ஈடாகும் வடிவங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. டேனியச் சொற்கள் எழுத்துவடிவை ஒட்டித் தமிழில் தரப்பட்டுள்ளன.

2. அமைப்பு

டேனிய நிறைவுக்காலம் துணைவினையும் இறந்தகால எச்சவடிவும் சேர்ந்து அமைவது. எச்சவடிவு ‘-எட்’ அல்லது ‘-ட்’ என்னும் ஈறு பெறும்: வென்டெ (காத்திரு) – வென்டெட், ஸ்பீஸெ (உண்) – ஸ்பிஸ்ட். சில வினைகளில் உயிர் மாற்றமும் நிகழும்: ட்ரிக்கெ (குடி) – ட்ருக்கெட். துணைவினைகள் இரண்டு. ‘ஹாவெ’ (கொண்டிரு) என்பது ‘ஹார்’ எனவும், ‘வேரெ’ (இரு) என்பது ‘எர்’ எனவும் நிகழ்கால வடிவம் பெறும். இவற்றை முறையே ‘ஹாவ்டெ’, ‘வார்’ என இறந்தகாலத்தில் அமைத்தால் ‘வந்திருந்தான்’ போன்ற இறந்தகால நிறைவு கிடைக்கும்.

3. துணைவினைத் தேர்வு

செயப்படுபொருள் குன்றா வினைகள் பொதுவாக ‘ஹார்’ ஏற்கும். இடப்பெயர்ச்சியையோ நிலைமாற்றத்தையோ குறிக்கும் செயப்படுபொருள் குன்றிய வினைகள் ‘எர்’ ஏற்கும். எனினும் தேர்வு வினையை மட்டும் பொறுத்ததன்று. ஒரே வினை இரண்டையும் ஏற்பதுண்டு.

(1) ஹான் ஹார் கோஎட் ஹேலெ டாகென் – அவன் நாள் முழுதும் நடந்திருக்கிறான்.
(2) ஹான் எர் கோஎட் – அவன் போய்விட்டான்.
(3) யெக் ஹார் ஃப்ளுட்டெட் போர்டெட் – நான் மேசையை நகர்த்தியிருக்கிறேன்.
(4) யெக் எர் ஃப்ளுட்டெட் – நான் வீடு மாறிவிட்டேன்.

(1)இல் செயல் நிகழ்ந்தவாறு முதன்மை பெறுகிறது. (2)இல் செயலின் விளைவான நீங்கிய நிலை முதன்மை பெறுகிறது. தமிழில் எல்லா வினைகளும் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சத்துடன் ‘இரு’ ஒன்றையே ஏற்று நிறைவுக்காலம் உணர்த்துகின்றன. டேனியம் துணைவினையால் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் வேறு தலைமை வினையாலோ, ‘விடு’ என்னும் துணைவினையாலோ காட்டுகிறது.

அந்தமானின் பொதுமொழியாகிய இந்தியும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இலக்கண இந்தியில் ‘வஹ் கயா ஹை’, ‘உஸ்னே காயா ஹை’ என இரண்டிலும் துணைவினை ஒன்றே. ஆயின் செயப்படுபொருள் குன்றா வினையின் எழுவாய் ‘நே’ உருபு பெறுகிறது. டேனியத்தில் துணைவினை சுமக்கும் வேறுபாட்டின் ஒரு பகுதியை இந்தியில் எழுவாய் சுமக்கிறது எனலாம்.

4. தமிழ்த்தொடரின் பல பொருள்

அந்தமான் தலைநகரின் ஒரு பகுதியாகிய ஜங்லிகாட்டில் இருப்பவர் ஒருவர் கூறும் பின்வரும் தொடரைக் காண்க.

(5) அவர் ஜங்லிகாட்டுக்கு வந்திருக்கிறார்.

இது மூன்று பொருள் தரும்: (அ) வந்து இப்போது இங்கே இருக்கிறார், (ஆ) முன்பு எப்போதோ வந்த அனுபவம் உடையவர், (இ) அவர் வந்துசென்றது தடயத்தால் தெரிகிறது. டேனியம் முதல் இரண்டையும் பிரித்துரைக்கும்: (அ)வுக்கு ‘எர் கொம்மெட்’ (வந்திருக்கிறார்), (ஆ)வுக்கு ‘ஹார் வேரெட்’ (இருந்திருக்கிறார்) என்பன இயல்பானவை.

மூன்றாம் பொருளில் இரு மொழிகளும் நெருங்கி வருகின்றன. டேனிய நிறைவுக்காலம் ‘நேற்று’ போன்ற குறித்த காலச்சொல்லுடன் பொதுவாக வருவதில்லை. அங்கு எளிய இறந்தகாலமே வரும். ஆயினும் அனுமானப் பொருளில் அது வரக்கூடும்.

(6) ஹான் வார் ஹேர் இ கோர் – அவன் நேற்று இங்கு இருந்தான்.
(7) ஹான் ஹார் வேரெட் ஹேர் இ கோர் – அவன் நேற்று இங்கு இருந்திருக்கிறான்.

(6) நிகழ்ச்சியை நேரடியாகக் கூறுகிறது. (7) சான்று கொண்டு உய்த்துணர்ந்ததைக் கூறுகிறது. ஸ்காண்டிநேவிய மொழிகளின் இவ்வியல்பை ஐனார் ஹௌகன் 1972இல் ‘அனுமான நிறைவுக்காலம்’ என்னும் பெயரால் ஆராய்ந்தார். தமிழில் ‘நேற்று மழை பெய்திருக்கிறது’ என ஈர மண்ணைக் கண்டு கூறுவதும் இதுவே.

5. மொழிபெயர்ப்பில் விளையும் பிழை

(7)ஐ ‘இருந்தான்’ எனப் பெயர்த்தால், தடயம் கண்டு எழுதியவர் கண்ணால் கண்ட சாட்சியாகிவிடுவார். வரலாற்று ஆவணத்தில் இது நடைக்குறை அன்று. சான்றின் தன்மையையே மாற்றும் பிழை. மாறாக, ‘ஹான் எர் டோட்’ என்பதை ‘இறந்திருக்கிறான்’ என எப்போதும் பெயர்த்தால், மூலத்தில் இல்லாத அனுமானம் தமிழில் புகும். ‘டோட்’ என்பது எச்சவடிவாகவும் ‘உயிரற்ற’ என்னும் பெயரடையாகவும் நிற்பதால், பெரும்பாலும் ‘இறந்துவிட்டான்’ என்பதே பொருந்தும்.

6. முடிவுரை

மொழிபெயர்ப்பாளர் முதலில் துணைவினை ‘ஹார்’ ஆ, ‘எர்’ ஆ என நோக்க வேண்டும். அடுத்துக் குறித்த காலச்சொல் உண்டா எனவும், இறுதியாக எழுதியவர் நேரில் கண்டவரா எனவும் காண வேண்டும். இம்மூன்றும் தெளிந்த பின்னரே ‘இரு’, ‘விடு’, எளிய இறந்தகாலம் ஆகியவற்றுள் ஏற்றதைத் தெரிவு செய்தல் தகும். ‘டேனிய நிறைவுக்காலத்துக்கு ஈடு இருக்கிறான்’ என்னும் ஒற்றை வாய்பாடு போதாது.