பேரே தெரியாதவனை 12 வருஷம் கழித்துத் தேடிப்போன கங்கா... 'சில நேரங்களில் சில மனிதர்கள்' இன்னும் ஏன் சுடுது?

'96' படத்துல ராமும் ஜானுவும் திரும்பச் சந்திச்சப்போ தியேட்டரே உருகிச்சு. ஆனா, ஜெயகாந்தனோட கங்காவும் பிரபுவும் சந்திக்கிற இடத்துல உருக எதுவும் இல்லை. அவர்கள் காதலர்களே கிடையாது. முதல் சந்திப்பில் ஒருவர் பேர்கூட இன்னொருவருக்குத் தெரியாது.

முதல்ல என்ன நடந்தது?

1966-ல் ஆனந்த விகடனில் வந்த 'அக்னிப் பிரவேசம்' சிறுகதைதான் தொடக்கம். சென்னையில் கொட்டும் மழை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரி மாணவி, பக்கத்தில் வந்து நிற்கும் பெரிய கார். லிஃப்ட் தருவதாக அவன் அழைக்க, தயங்கி ஏறியவள், நிலைகுலைந்து வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, 'நீ சுத்தமாயிட்டே' என்கிற மாதிரி தேற்றுகிறாள். 'இது எப்படிச் சரி?' என்று அப்போது பெரிய சர்ச்சையே வெடித்தது.

நாவல் எங்கே திரும்புது?

அந்த அம்மா மறைக்காமல் ஊரைக் கூட்டியிருந்தால்? இந்தக் கேள்விதான் நாவல். அண்ணன் துரத்துகிறான். வெங்கு மாமா படிக்க வைக்கிறார், ஆனால் அவர் பார்வையும் சரியில்லை. இனி யாருக்கும் மனைவியாக முடியாது, முடிந்தால் 'அவனை'த் தேடிப் பிடி என்று குத்துகிறார். கங்கா நிஜமாகவே தேடிப் பிடிக்கிறாள்.

யார் மாறினாங்க?

இப்போது அவள் கைநிறையச் சம்பளம் வாங்கும் அதிகாரி. அவனோ வீட்டில் மதிப்பில்லாத பணக்காரன், வளர்ந்த மகளுக்கு அப்பா. இருவருக்கும் நடுவே உடல் உறவு இல்லை, நட்புதான். ஆனாலும், ஊர் ஒட்டிய 'வைப்பாட்டி' பட்டத்தைக் கங்கா தானே எடுத்து மாட்டிக்கொள்கிறாள். அது அவளுக்கு ஒரு கவசம்.

இன்றைக்கு வாசித்தால் இங்கேதான் நெருடும். அந்த மழை நாளில் நடந்ததுக்கு யாரும் சரியான பேர் வைக்கவில்லை. 18 வயது நிறையாத பெண் என்றால், 2012 போக்சோ சட்டப்படி 'சம்மதம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. நாவலில் தண்டனை அனுபவித்தது கங்கா மட்டும்தான். திருந்திய பிரபு விலகிப் போக, அவள் குடிக்கத் தொடங்குகிறாள்.

அப்புறம்?

1972-ல் சாகித்ய அகாடமி விருது. 1977-ல் ஏ.பீம்சிங் இயக்கத்தில் படம், கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது. 'கங்கை எங்கே போகிறாள்' என்று தொடர்ச்சியும் எழுதினார் ஜெயகாந்தன்.

இப்போ தி.நகரிலோ அடையாறிலோ கேப்ல ஏறினா, வண்டி நம்பரும் லைவ் லொக்கேஷனும் வீட்டுக்குப் போயிடுது. ஆனா ஏதாவது தப்பா நடந்து வீடு திரும்புற பொண்ணுகிட்ட, வாசல்ல கேட்கிற முதல் கேள்வி என்ன? 'உனக்கு ஒண்ணும் ஆகலையே?'வா, 'நீ ஏன் ஏறினே?'வா? கங்காவோட வாழ்க்கை தலைகீழானது காரில் மட்டும் இல்லை, அந்த வாசலிலும்தான்.