எண்ணெய் வண்ணம் காய்வது எப்படி?

கொடியில் போட்ட ஈரத் துணி, நீர் ஆவியாவதால் உலர்கிறது. நீரில் குழைத்த வண்ணமும் அவ்வாறே உலரும். எண்ணெயில் குழைத்த வண்ணத்தின் கதை வேறு. ஓவியர்கள் பயன்படுத்தும் ஆளிவிதை எண்ணெயைக் கண்ணாடித் தகடொன்றில் மெல்லியதாகப் பூசி, இரசாயனத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பூச்சு கெட்டிப்பட்டதும் மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்திராது, கூடியிருக்கும்!

கூடியது காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன். ஆளிவிதை எண்ணெயின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் பல உண்டு. ஆக்சிஜன் அவ்விடங்களில் வினைபுரிந்து, அண்டை மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து வலையாக்கி விடுகிறது. தேங்காய் எண்ணெயில் இத்தகைய பிணைப்புகள் மிகக் குறைவு. அதை மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் படலமாகாது. ஆளிவிதை, வால்நட், கசகசா ஆகியவற்றின் எண்ணெய்களை ஓவியர்கள் நாடியது இதனால்தான். (இவ்வினையில் வெப்பமும் வெளிப்படும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தாமே தீப்பற்றக்கூடும். விரித்தே உலர்த்த வேண்டும்.)

தொட்டால் ஒட்டாத நிலை சில நாட்களில் வந்துவிடும். ஆனால் உள்ளே வினை மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் கூடத் தொடரும். அதற்கேற்பப் படலம் முதலில் சற்றுப் பருத்து, பின்னர் மெல்லச் சுருங்கும். ஆகவே, அடியில் பூசும் வண்ணத்தை டர்பன்டைன் கலந்து எண்ணெய் குறைவாகவும், மேலே போகப் போக எண்ணெய் மிகுதியாகவும் பூசுவது ஓவியர் மரபு. இதை மாற்றிச் செய்தால், மேல் பூச்சு இறுகிய பின்பும் அடிப்பூச்சு அசைந்துகொண்டிருக்கும், மேற்பரப்பு வெடித்துவிடும். ஏரி வற்றும்போது மேல்சேறு பாளம் பாளமாகப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதுபோலத்தான்.

இங்கிலாந்தின் ஜோஷுவா ரெனால்ட்ஸ் (1723–1792) பெரும் புகழ் பெற்ற ஓவியர். ஆழ்ந்த பழுப்பு நிறத்துக்காக அவர் நிலக்கீலைச் சேர்த்தார். அது முழுமையாக இறுகுவதே இல்லை. அவருடைய ஓவியங்கள் பலவற்றில் அகன்ற வெடிப்புகள் விழுந்தன. முகங்களுக்கு அவர் பூசிய சிவப்புச் சாயமோ அவர் வாழ்நாளிலேயே வெளிறிப்போயிற்று. அவருக்கு மூன்று நூற்றாண்டுகள் முற்பட்ட யான் வான் ஐக், 1434இல் ஓக் மரப்பலகையில் தீட்டிய ஆர்னோல்ஃபினி தம்பதியர் படம் இன்றும் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் பொலிவோடு விளங்குகிறது. எண்ணெய் வண்ணத்தைக் கண்டுபிடித்தவரே வான் ஐக் என்பது பழங்கதை. ஆப்கானிஸ்தானத்தின் பாமியான் குகைகளில், ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களிலேயே உலரும் எண்ணெய் இருப்பது 2008இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. வான் ஐக்கின் வெற்றிக்கு இரகசியத் தைலம் எதையும் தேட வேண்டியதில்லை. மெல்லிய பூச்சுகளும் பொறுமையுமே போதிய விளக்கம் என்பது என் கருத்து.

துணியில் தீட்டுவோருக்கு இன்னொரு தொல்லை. எண்ணெய் நேரே துணியில் ஊறினால் நூலிழைகள் நாளடைவில் நொறுங்கும். அதனால் முதலில் வச்சிரம் தடவுவார்கள். வச்சிரமோ ஈரக்காற்றில் உப்பி, வறண்ட காற்றில் சுருங்கும்!

நன்கு தீட்டிய படமும் மாறாமல் இருப்பதில்லை. புதிய ஆளிவிதை எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.48, ஈய வெள்ளைக்குச் சுமார் 2. இந்த வேறுபாடு ஒளியைச் சிதறடிப்பதால்தான் வண்ணம் அடியிலுள்ளதை மறைக்கிறது. வயதாக ஆக எண்ணெயின் எண் உயர்கிறது, வேறுபாடு குறைகிறது, பூச்சு ஊடுருவித் தெரியத் தொடங்குகிறது. டச்சு ஓவியர் பீட்டர் டி ஹூக் 1658 வாக்கில் தீட்டிய படமொன்று அதே லண்டன் கூடத்தில் உள்ளது. தரையை முதலில் வரைந்துவிட்டுப் பணிப்பெண்ணைப் பிறகு சேர்த்திருக்கிறார். இன்று அவளது பாவாடையின் வழியே தரையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தெரிகின்றன.