ரூட் கேனாலுக்குப் பிறகும் வலிக்கிறதா?



நரம்பையே எடுத்தாச்சே, அப்புறம் வலிப்பது எது? வேரைத் தாடை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய நார்த்திசு. அதற்கென்று தனி நரம்புகள் உண்டு. வேர்முனைவரை சுத்தம் செய்யும்போது அந்த இடம் சற்றுப் புண்படுகிறது. முதல் ஒன்றிரண்டு நாள்தான் கடுமை. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

◆ மரத்த வாய் தெளியும்வரை காத்திருக்காதீர்கள். டாக்டர் எழுதிய வலி மாத்திரையை அதற்கு முன்பே போட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். ஆறின கஞ்சி போதும். மென்று தின்றால் மரத்திருக்கும் கன்னமும் நாக்கும் கடிபடும்.

◆ ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்தால், தனித்தனியாகப் போடுவதைவிட வலி நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஐபுபுரூஃபனைத் தொடக் கூடாது. காய்ச்சலடித்து டெங்கு சந்தேகம் இருந்தால் வேண்டவே வேண்டாம். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம்தான் உச்சம், 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டாலே எல்லையைத் தொட்டுவிடுவோம். சளி மாத்திரைக்குள்ளும் அது இருக்கலாம், அட்டையைப் படியுங்கள்.

◆ ஆன்டிபயாடிக் வலி மாத்திரை அல்ல. உடல்நலம் உள்ள பெரியவர்களுக்குப் பல்லுக்கே சிகிச்சை கிடைக்கும்போது, பெரும்பாலான பல்வலிக்கு அது தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-லேயே சொல்லிவிட்டது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

◆ கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறதா? அடைத்த இடம் துளி உயர்ந்திருக்கலாம். மரத்த வாயில் அது தெரியாது, வீட்டுக்கு வந்த பிறகே உறைக்கும். எத்தனை மாத்திரை போட்டாலும் ஒவ்வொரு கடியிலும் அடிபட்டுக்கொண்டே இருக்கும். கூச்சப்படாமல் திரும்பிப் போங்கள். தேய்த்துச் சரிசெய்ய ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

◆ சில டாக்டர்கள் கடைசியில் 2.5 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள சலைன் நீரால் வேர்க்குழாயை 5 நிமிடம் கழுவுகிறார்கள். வேரைச் சுற்றிய அழற்சி தணிகிறது.

◆ ஈறில் ஆஸ்பிரினை வைத்து அடக்காதீர்கள், வெந்துவிடும். கலக்காத கிராம்புத் தைலமும் அப்படித்தான். வலிக்கிற வேர்முனைவரை அது போவதும் இல்லை.

◆ வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, வாய் திறக்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.