வங்கித் தொழிலில் மகளிர் பதவியுயர்வு

கொட்டியாரக்குடாவின் தென்பாலுள்ள தோப்பூரிலிருந்து திருக்கோணமலை நகரை அடைதல் முற்காலத்தில் எளிதன்று. மூதூர் சென்று லோஞ்சேறிக் குடாவைக் கடத்தல் வேண்டும். அன்றேல், தரைவழியே துறைதோறும் பாதைக்குக் காத்திருத்தல் வேண்டும். 2009ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. வழியின் அருமை நீங்கிற்று. எனினும், வங்கியிற் பணிபுரியும் பெண்ணின் உயர்வுக்குத் தடையாவது வழியின் அருமை மட்டுமன்று என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

1939ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கை வங்கியில், 1959ஆம் ஆண்டிலேயே நிருவாகத் தரத்தில் முதன்முதலாகப் பெண்ணொருவர் சேர்ந்தார். அவர் ரோகிணி நாணயக்கார. பின்னர் அவரே அவ்வங்கியின் பொது முகாமையாளராகவும் விளங்கினார். எனவே திறமையைப் பற்றிய ஐயம் அன்றே தீர்ந்ததெனலாம். இன்று பரீட்சையிற் சித்தியெய்தி வங்கியிற் புகும் மகளிர் பலர். ஆயின், முகாமையாளர் ஆசனத்தை நெருங்க நெருங்க அவர் தொகை ஏன் அருகுகின்றது?

முதற் காரணம் இடமாற்றம். பல கிளைகளையுடைய வங்கியில் உயர்பதவிக்கு வெளியூர் அனுபவம் வேண்டப்படும். மணமான ஆடவன் மன்னாருக்கு மாற்றப்படின், மனைவி குழந்தைகளுடன் ஊரில் இருப்பாள். மனைவி மாற்றப்படின், குழந்தைகளை யார் பார்ப்பது என்ற வினாவே முதலில் எழும். விடை காணாத பெண் பதவியுயர்வுக்கு விண்ணப்பியாது விடுகின்றாள். ஏட்டில் அது அவளது விருப்பமின்மையாகவே தோன்றும்; விதியின் குறையாகத் தோன்றாது.

மற்றொன்று கடன் பகுதி. கடன் கேட்போரின் வயலையும் கடையையும் தோணியையும் நேரிற் கண்டு மதிப்பிடும் பயிற்சியே முகாமையாளரை உருவாக்குவது. ‘பெண்பிள்ளை அலைவதெங்ஙனம்’ என்று பரிவுடன் அவளைக் கருமபீடத்திலேயே இருத்திவிடும் மேலதிகாரியும் உளர். பரிவும் சிலவேளை வேலியாகும்!

தனியார்துறையில் மூன்றாம் மகவு முதலாக 42 நாளாயிருந்த மகப்பேற்று விடுமுறை, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 84 நாளாயிற்று. நற்செய்தியே, எனினும் பிள்ளை வளர்ப்பு நாட்கணக்கில் முடிவதன்று. 2013ஆம் ஆண்டில் இந்திய ஸ்டேட் வங்கியின் முதற் பெண் தலைவரான அருந்ததி பட்டாச்சார்யா, இடமாற்றமொன்றின்போது மகளின் கல்வியை முன்னிட்டுப் பதவி விலக எண்ணியவர். அவர் தலைமையிலேதான் பிள்ளை, முதியோர் பராமரிப்புக்கென மகளிர்க்கு ஈராண்டு விடுமுறை அங்கு வகுக்கப்பட்டது.

தோப்பூரில் வாழும் பெண் இன்று மூதூர், கிண்ணியா, திருக்கோணமலைக் கிளைகளுக்கு வீட்டிலிருந்தே சென்று மீளலாம். அம்மூன்றிலும் பெறும் அனுபவம், குடும்பத்தைப் பிரிந்து தொலைவிற் பெறும் அனுபவத்துக்கு ஒப்பாகக் கொள்ளப்படுமாயின், விண்ணப்பப் பத்திரத்தை அவள் திருப்பிக் கொடுக்க வேண்டியிராது.