மோட்டார் சைக்கிளில் மின்சாரச் சாக்கெட்டு அமைத்தல்

வழிச்செல்வோர்க்குத் துணையாவன காலந்தோறும் வேறுபட்டு வந்துள்ளன. முற்காலத்து வழிப்போக்கன் கட்டுச்சோறும் கைவிளக்கும் கொண்டு சென்றான். இக்காலத்தில் மோட்டார் சைக்கிளில் ஏறுவோன் கைப்பேசியைக் கொண்டு செல்கின்றான். அவனுக்கு வழி காட்டுவதும், செய்தி சொல்வதும், இடரில் உதவி அழைப்பதும் அக்கருவியே. நகரங்களில் வீடுதோறும் உணவு கொண்டு சேர்க்கும் இளைஞர்க்கோ அஃது ஊதியந் தருவதுமாம். நாள் முழுவதும் வரைபடங் காட்டிய கைப்பேசி மாலையில் ஓய்ந்துவிடின், அன்று வரவேண்டிய எஞ்சிய கூலியும் அதனோடு ஓய்ந்துவிடும். ஆதலின் வண்டியின் மின்சாரத்தைக் கொண்டே கைப்பேசி முதலியவற்றை ஊட்டுவதற்கு ஒரு சாக்கெட்டு அமைத்துக் கொள்ளும் வழக்கம் பெருகியுள்ளது.

இவ்வேலை, கைத்திறன் சிறிதுடையார் எவரும் ஒரு பிற்பகலிற் செய்து முடிக்கத்தக்கதே. ஆயினும் அறியாது செய்யின் இருவகைத் தீங்கு விளையும். ஒன்று, பாட்டரி வறண்டு வண்டி நடுவழியில் நின்றுவிடுதல். மற்றொன்று, கம்பி காய்ந்து தீப்பற்றுதல். அக்கம்பி செல்லும் வழியோ பெட்ரோல் தொட்டியின் அடிப்புறம்! ஆகவே மின்சாரம் எங்கிருந்து வருகின்றது, எவ்வளவு எடுக்கலாம், காவலை எங்கே நிறுத்துவது, கம்பியை எவ்வாறு இடுவது என்னும் நான்கினையும் முறையே ஈண்டு ஆராய்வாம்.

மின்சாரம் பிறக்குமிடம்

கம்பிச்சுருளின் அருகே காந்தம் அசையுங்கால் அச்சுருளில் மின்சாரம் தோன்றும் என்பதனை மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். மோட்டார் சைக்கிளில் நிகழ்வதும் அதுவே. எஞ்சினோடு சுழலும் சக்கரத்தில் நிலைக்காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றினிடையே கம்பிச்சுருள்கள் அசையாது நிற்கின்றன. சக்கரம் சுழலச் சுழலச் சுருள்களில் திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம் பிறக்கின்றது. அதனை ஒரே திசையில் ஓடச் செய்து, மின்னழுத்தம் வரம்பு கடவாமற் காத்துப் பாட்டரிக்கு அனுப்புவது ரெகுலேட்டர் என்னுங் கருவி. ஈயத்தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்ட பாட்டரியைப் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே 1859-இல் ஆக்கினார். இன்றும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இருப்பது அவ்வினத்ததே.

இப்பாட்டரி 12 வோல்ட் எனப் பெயர் பெறினும், முழுதும் நிரம்பி ஓய்ந்திருக்குங்கால் ஏறக்குறைய 12.7 வோல்ட்டும், எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடுங்கால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரையிலும் காட்டும். யூ.எஸ்.பி. முறைப்படி கைப்பேசிக்கு இயல்பாக வேண்டுவதோ 5 வோல்ட்டே. ஆதலின் இரண்டிற்கும் இடையே மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் மாற்றி ஒன்று வேண்டும். கடைகளில் யூ.எஸ்.பி. சாக்கெட்டு என விற்கப்படுவதனுள் அம்மாற்றியும் அடங்கியிருக்கும். காரில் சுருட்டுப் பற்றவைக்க அமைந்த வட்டமான 12 வோல்ட் சாக்கெட்டிலோ மாற்றி இராது. அதிற் செருகுங் கருவியே அதனைக் கொண்டிருத்தல் வேண்டும். பி.எம்.டபிள்யூ. வண்டிகளிற் காணப்படும் சிறிய வட்டச் சாக்கெட்டும் இவ்வகையினதே. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்பீல்டு நிறுவனத்தார் 2020-இல் வெளியிட்ட மீட்டியோர் 350 போன்ற வண்டிகளில் யூ.எஸ்.பி. சாக்கெட்டு ஆலையிலேயே பொருத்தப்பட்டு வருகின்றது. அஃதில்லாத வண்டியுடையார்க்கே இக்கட்டுரை பயன்படும்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. பழைய சிறு வண்டிகள் பலவற்றில் முகப்பு விளக்குக்குச் செல்லும் மின்சாரம் பாட்டரியைத் தொடாது சுருளினின்று நேரே செல்லும். அது திசை மாறுவது. எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்குவது. விளக்குக் கம்பியில் முறுக்கிவிட்டாற் போதும் என்று சொல்வாருளர். அச்சொல்லை நம்பி அத்தகைய வண்டியில் மாற்றியை இணைப்பின், அது விரைவிற் கெடும். ஆகவே மின்சாரத்தை எடுக்க வேண்டிய இடம் பாட்டரியே என்க.

எடுக்கத்தக்க அளவு

வோல்ட்டை ஆம்பியராற் பெருக்க வருவது வாட். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் கொள்ளும் கைப்பேசி 10 வாட் கொள்கின்றது. மாற்றியில் வெப்பமாய்க் கழிவதனையுஞ் சேர்த்து 12 வாட் எனக் கொள்வோமாயின், பாட்டரியினின்று எடுப்பது ஏறத்தாழ ஓர் ஆம்பியர் ஆகும். நம் நாட்டுச் சிறு வண்டிகள் பலவற்றின் ஹாலஜன் முகப்பு விளக்கு 35 வாட் கொள்ளும். அதனோடு ஒப்பிடின் கைப்பேசி மூன்றிலொரு பங்கே. இச்சிறு சுமையை ஓடுகின்ற எஞ்சின் எளிதில் தாங்கும். விரைவாக ஊட்டும் புதிய சாக்கெட்டுகள் 20 வாட்டும் அதற்கு மேலும் கொள்வன. குளிர்நாட்டார் அணியும் மின்சாரச் சூட்டாடையோ 60 வாட்டிற்கு மேலுங் கொள்ளக்கூடும். மெல்லிய மயிலிறகே ஆயினும் அளவின்றி ஏற்றின் வண்டி தாங்காதென்னும் உண்மையைத் திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். மின்சாரச் சுமைக்கும் அவ்வுண்மை பொருந்துவதே. மேலும், நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு பகலிலும் எரிதல் வேண்டும் என விதி வகுக்கப்பட்டது. அதற்குச் செல்வது போக எஞ்சியதே நமக்காவது.

இனி, எஞ்சின் நின்றபின் நிகழ்வது யாது? சிறு வண்டியின் பாட்டரி 4 ஆம்பியர்-மணி அளவினது எனக் கொள்வோம். ஓர் ஆம்பியர் எடுத்துக்கொண்டேயிருப்பின் கணக்கின்படி நான்கு மணி நேரத்தில் அது வெறுமையாகும். எஞ்சினைக் கிளப்பும் வலிமையோ அதற்கு வெகு முன்னரே நீங்கும். வண்டியை உதைத்துக் கிளப்பலாமே எனின், உதைகோல் இல்லாத வண்டிகள் இன்று மிகப் பல. 2020-இல் புகைக் கட்டுப்பாட்டு விதி கடுமையானபின் வந்த வண்டிகளிற் பெரும்பாலன பெட்ரோலை மின்சாரப் பம்பினாற் பீச்சுவன. பாட்டரி முற்றும் வறண்டால் அவற்றைத் தள்ளிக் கிளப்புவதும் அரிது.

ஆதலாற் சாக்கெட்டு அமைக்குமுன் வோல்ட்மானி கொண்டு பாட்டரியைச் சோதித்தல் நன்று. எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓட்டி, விளக்கு எரிய, கைப்பேசியும் ஊட்டப்பெறுங்கால் மானி 13 வோல்ட்டிற்குக் கீழிறங்காதாயின் அச்சுமையை வண்டி தாங்குகின்றதென்று துணியலாம். இறங்குமாயின் சுமையைக் குறைத்தல் வேண்டும். அல்லது பாட்டரியும் ரெகுலேட்டரும் செம்மையாய் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.

காவல் நிற்குமிடம்

இக்கட்டுரையில் யாம் முதன்மையாக வற்புறுத்த விரும்புவது இப்பகுதியே. பாட்டரியின் எதிர்முனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைந்துள்ளது. நேர்முனையிலிருந்து நாம் இழுத்துச் செல்லும் கம்பியோ அச்சட்டத்தை ஒட்டியே சாக்கெட்டை அடைகின்றது. வண்டியின் அதிர்வினால் கம்பியின் மேலுறை தேய்ந்து உள்ளிருக்குஞ் செம்பு சட்டத்தைத் தொடுமாயின், பாட்டரியின் ஆற்றல் முழுதும் அவ்வழியே பாயும். கைப்பேசிக்கென ஓர் ஆம்பியர் ஓடிய கம்பியிற் பல பத்து ஆம்பியர்கள் ஓடும். கம்பி சில நொடிகளிற் பழுக்கக் காய்ந்து உறையை எரிக்கும்.

இதனைத் தடுப்பது பியூஸ். அளவு மீறிய மின்னோட்டம் பாய்ந்தவுடன் அதனுள் இருக்கும் மெல்லிய உலோகம் உருகி அறுபட, மின்னோட்டம் நின்றுவிடுகின்றது. சாக்கெட்டைக் காப்பதற்கே பியூஸ் என்று பலர் எண்ணி அதனைச் சாக்கெட்டின் அருகே வைக்கின்றனர்; சாக்கெட்டினுள்ளேயே ஒன்றிருக்கின்றதென்று வாளாவிருப்பாரும் உளர். இஃது ஆபத்தான எண்ணம். பியூஸ் முதலிற் காப்பது கம்பியை. அது சாக்கெட்டின் அருகில் இருப்பின், பாட்டரியிலிருந்து அதுவரை உள்ள கம்பி முழுதும் காவலற்றுக் கிடக்கும். இடையில் எங்கு உறை தேயினும் பியூஸ் அதனை அறியாது. கோட்டையைக் காப்போன் வாயிலில் நிற்றல் வேண்டுமேயன்றி அந்தப்புரத்தில் நிற்றலாற் பயனில்லை. எனவே பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் பியூஸ் அமைதல் இன்றியமையாதது.

அதன் அளவு யாது? கைப்பேசி மட்டும் ஊட்டுவோர்க்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் 5 ஆம்பியர் பியூஸும் போதும். பியூஸ் அடிக்கடி அறுபடின் காரணத்தைத் தேடுதல் வேண்டும். அதனை விடுத்து, 15 ஆம்பியருக்குரிய நீலநிறப் பியூஸைச் செருகுவதும், வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் காவலனைக் கொன்று கதவைத் திறந்து வைப்பதனோடு ஒக்கும்.

சாவியும் ரிலேயும்

வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தபின்னும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்குமாயின், கைப்பேசி இல்லாத போதும் மாற்றி சிறிது மின்சாரத்தை உண்டுகொண்டேயிருக்கும். அது 10 மில்லி ஆம்பியரே ஆயினும், ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்-மணி, பதினேழு நாளில் 4 ஆம்பியர்-மணி தீர்ந்துபோம். விடுமுறைக்கு ஊர் சென்று மீளும் மாணவர் தம் வண்டி கிளம்பாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இதற்கு மாற்று ரிலே. சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தைத் திறக்கவும் மூடவும் செய்யும் காந்தச் சுவிட்சே அது. அதன் முனைகளில் 30, 87, 85, 86 என்னும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வருங் கம்பி 30-இலும், சாக்கெட்டிற்குச் செல்லுங் கம்பி 87-இலும் சேரும். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெறுங் கம்பி ஒன்றிலிருந்து 86-க்கு ஒரு சிறு கிளை வரும். 85 பாட்டரியின் எதிர்முனையைச் சாரும். சாவி திரும்பியவுடன் ரிலேயினுள் இருக்கும் சுருள் காந்தமாகி 30-ஐயும் 87-ஐயும் இணைக்கும். சாவி நீங்கப் பிரிக்கும். சாவிக் கம்பியினின்று ரிலே எடுப்பது ஓர் ஆம்பியரில் ஆறிலொரு பங்கு அளவே ஆதலின், வண்டியின் பழைய கம்பிகளுக்குச் சுமை ஏறாது.

கம்பி இடும் முறை

முதலாவது, வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுக. முடிவில் அதனையே கடைசியாக மாட்டுக. நேர்முனையைத் திருகும் ஸ்பானர் தவறிச் சட்டத்திற் படினும், எதிர்முனை கழன்றிருப்பின் தீப்பொறி எழாது.

இரண்டாவது, சாக்கெட்டை ஹாண்டில் பாரில் பொருத்துவதாயின், அதனை இடப்புறமும் வலப்புறமும் கடைசிவரை திருப்பிப் பார்த்து, கம்பி எங்கும் இழுபடாதவாறு தளர்வு விடுக. ஹாண்டில் திரும்பும் கழுத்திலேயே கம்பி மிகுதியும் தேயும். ஆங்கு மேலுங் குழாயுறை ஒன்று இடுதல் நலம். சூடேறும் எஞ்சினையும் புகைக்குழாயையும் கம்பி அணுகலாகாது.

மூன்றாவது, இணைப்புகளை வெறுங் கையால் முறுக்கி நாடா ஒட்டுதல் போதாது; வெயிலிற் பசை இளகி நாடா கழலும். உரிய உலோக முனைகளை இட்டு, அதற்கென அமைந்த குறட்டால் நசுக்கி இறுக்குக. ஈயப்பற்று வைத்த இடத்திற் கம்பி விறைத்து நிற்பதால் இடையறா அதிர்வில் அதன் ஓரத்தில் முறிதலும் உண்டு.

நான்காவது, சாக்கெட்டிற்கு மழைநீர் புகாத மூடி இருத்தல் வேண்டும். மூடி திறந்த நிலையில் மழையில் ஊட்டுதல் தகாது.

ஐந்தாவது, வண்டியோடு வந்த மூலக்கம்பிகளை அறுத்தலாகாது. அறுப்பின் உற்பத்தியாளர் அளித்த உறுதிமொழி பயனற்றுப் போகவுங் கூடும்.

முடிவுரை

மேலே கூறியவற்றால், சாக்கெட்டு அமைப்பதில் அருமை சாக்கெட்டில் இல்லை என்பதும், அதற்குச் செல்லும் வழியிலேயே உள்ளதென்பதும் விளங்கும். கண்ணுக்குத் தெரிவது ஹாண்டிலில் ஒளிரும் சாக்கெட்டு. உயிரையும் பொருளையுங் காப்பதோ இருக்கையின் அடியில் மறைந்திருக்கும் சிறு பியூஸ். அதன் விலை ஒருவேளைச் சிற்றுண்டிக்கும் ஆகாது. நம் மாணவர் பலர் வண்டிகளிலும், இரவும் பகலும் உழைக்கும் இளைஞர் பலர் வண்டிகளிலும் இச்சாக்கெட்டுகள் முன்னரே பொருத்தப்பட்டுள்ளன. அவற்றை உடையார் இருக்கையைக் கழற்றி, பாட்டரியினின்று செல்லும் புதுக்கம்பியைத் தொட்டுக்கொண்டே சென்று, ஒரு சாணுக்குள் பியூஸ் உளதா என்று காண்பாராக. இல்லையாயின் அன்றே அமைப்பாராக. அதுவரை அக்கம்பியைக் கழற்றி வைப்பாராக. அறிந்தார் அறியாத நண்பர்க்கும் இதனை எடுத்துரைப்பாராயின், யாம் இக்கட்டுரை எழுதிய பயன் நிறைவுறும்.