எழுத்தில்லாத கல்லறைகள்

நுழையும்முன்

எழுத்துப் பொறித்த கல்லைக் கல்வெட்டு என்று போற்றுகிறோம். ஓர் எழுத்தும் இல்லாத கல்லும் வரலாறு கூறும். அதன் மொழி, அது நிற்கும் இடத்திலும் அதைச் சூழ்ந்துள்ள பிற கற்களின் வரிசையிலும் அடங்கியுள்ளது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் குன்றடிகளிலும் மேட்டுநிலங்களிலும் காணப்படும் தொன்மையான ஈமச்சின்னங்கள் அத்தகையவை.

விசிறிப்பாறை

விழுப்புரம் மாவட்டம் உடையாநத்தத்தில், ஊரார் ‘விசிறிப்பாறை’ என அழைக்கும் பெரிய பலகைக்கல் ஒன்று நிற்கிறது. அதில் கண்ணும் மூக்கும் செதுக்கப்படவில்லை. ஆயினும், இருபுறமும் விரிந்த அதன் வடிவம் மனித உருவை நினைவூட்டுகிறது. அதனைச் சூழ இறந்தோருக்கென எழுப்பிய கற்சின்னங்கள் உள்ளன. திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரிலும் இத்தகைய மனித உருவக்கல் உண்டு. இது தெய்வமா, முன்னோரின் உருவமா, இறந்தோரைக் காக்கும் காவலா என்பது அறிஞரிடையே நிலவும் வினா. விடையளிக்கக் கல்வெட்டு இல்லை. கல்லும் அதன் சூழலுமே சான்று.

வகைகள்

பெரிய கற்களைக் கொண்டு ஈமச்சின்னங்களை எழுப்பிய பண்பாட்டைப் பெருங்கற்காலப் பண்பாடு என்பர். நிலத்தின் மேல் பலகைக்கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்து அமைப்பது கற்திட்டை. அதே அறையை மண்ணுக்குள் அமைத்தால் அது கற்பதுக்கை. புதைகுழியைச் சுற்றி உருண்டைக்கற்களை வட்டமாக அடுக்குவது கல்வட்டம். தனியே உயர்ந்து நிற்பது நெடுங்கல். கல்லறைக்குள் மட்கலமே பேழையாக வைக்கப்படுவதும் உண்டு. இவற்றுள் முதுமக்கள் தாழியும், பல கால்களையுடைய சுடுமண் ஈமப்பேழையும் குறிப்பிடத்தக்கவை.

இவை இரும்பின் பயனை அறிந்த மக்களின் படைப்புகள். நெடுங்காலம் இவை கி.மு. முதல் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை என்றே கருதப்பட்டன. கிருட்டிணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு அறிவித்தது. அதன்பின் தமிழகத்தில் இரும்புக்காலத்தின் தொடக்கம் மேலும் பின்னோக்கிச் சென்றுள்ளது.

கட்டுமான அறிவு

செஞ்சிக் குன்றுகள் போன்ற கருங்கற் குன்றுகளில், வெயிலிலும் குளிரிலும் பாறையின் மேலடுக்கு பலகைபோலப் பிரியும். அப்பலகைகளைப் பெயர்த்தெடுத்து அறை அமைத்தனர். மண்ணுக்குள் அமைக்கும் அறையைச் சுற்றியுள்ள மண் உள்நோக்கி அழுத்தும். பலகைகள் உட்புறமாகச் சாய்ந்துவிடக் கூடும். இதனைத் தடுக்கப் பல இடங்களில் ஒவ்வொரு பலகையின் ஒரு முனையும் அடுத்த பலகையின் முகத்தில் முட்டி நிற்குமாறும், மறுமுனை சற்றே வெளியே நீளுமாறும் நட்டனர். சுண்ணச்சாந்து இல்லாமலே நான்கு கற்களும் ஒன்றையொன்று தாங்கின. சில அறைகளின் ஒரு பக்கக் கல்லில் வட்டமான இடுதுளை உண்டு. அது பெரும்பாலும் கிழக்கு நோக்கி அமைந்துள்ளது.

கல்லறைக்குள் கிடைப்பவை

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் சானூரில் 1950, 1952ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. புதுச்சேரியைச் சூழ்ந்த முத்திரப்பாளையம், சுத்துக்கேணி ஆகிய இடங்களின் ஈமக்காடுகளைப் பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் ஆராய்ந்தார். அவர்தம் ஆய்வு 1956ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. இத்தகைய ஆய்வுகளில் இரும்புக் கருவிகளும் மணிகளும் கருப்பு சிவப்பு மட்கலங்களும் கிடைத்துள்ளன. சூளையில் காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கருமையாகவும், காற்றுப் பட்ட வெளிப்புறம் செம்மையாகவும் மாறுவதே அம்மட்கலத்தின் இருவண்ணத்திற்குக் காரணம்.

ஒரே அறையில் பலருடைய எலும்புகள் காணப்படுவதும் உண்டு. உடலை வேறிடத்தில் இட்டு வைத்து, பின்னர் எலும்புகளைத் திரட்டி அடக்கம் செய்யும் வழக்கம் இருந்ததை அவை காட்டுகின்றன.

இலக்கியத்தில்

சங்கப் பாடல்கள், பாலைவழியில் மாண்டோர் மீது குவித்த கற்குவியலைப் பதுக்கை என்கின்றன. புறநானூற்றின் 256ஆம் பாடலில், கணவனை இழந்த பெண் ஒருத்தி, தாழி வனையும் குயவரிடம் தனக்கும் இடம் இருக்குமாறு அதனைப் பெரிதாக வனையும்படி வேண்டுகிறாள். மணிமேகலையின் சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதை சுடுதல், வெளியில் இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியால் கவித்தல் என அடக்க முறைகளை ஐவகைப்படுத்துகிறது. மண்ணில் கிடைக்கும் தாழிக்குப் பின்னே இருந்த துயரத்தை இலக்கியம் உணர்த்துகிறது. இலக்கியம் கூறும் தாழியின் உருவை மண் காட்டுகிறது.

ஊரார் இட்ட பெயர்கள்

கட்டியவர் யார் என்பது மறைந்தபின், மக்கள் தம் கற்பனையால் அவ்விடங்களுக்குப் பெயரிட்டனர். பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்னும் பெயர்கள் தமிழகமெங்கும் வழங்குகின்றன. திருக்கோவிலூரை அடுத்த தேவனூரில் கற்திட்டைகள் ‘வாலியர் வீடு’ எனவும், நெடுங்கல் ‘கச்சேரிக்கல்’ எனவும் பெயர் பெற்றுள்ளன. இறந்தோரின் இல்லம் வாழ்ந்தோரின் வீடாகவும் அலுவலகமாகவும் கருதப்பட்டது. தவறான கதையாயினும் அது ஒரு நன்மை செய்தது: பெயருள்ள கல்லை எவரும் எளிதில் உடைப்பதில்லை.

கல் பெயர்ந்தால்

இன்று அப்பாதுகாப்பு குறைந்து வருகிறது. உருண்டைக்கற்கள் வேலிக்கும் வீட்டின் அடித்தளத்திற்கும் செல்கின்றன. பலகைக்கல் வாய்க்காலுக்குப் பாலமாகிறது. குவாரிகள் குன்றையே தின்கின்றன. புதையல் வேட்கையர் அறையைக் குடைகின்றனர். கல்வெட்டுக் கல்லைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்தாலும் அதன் எழுத்தைப் படிக்கலாம். கல்வட்டத்தின் கற்களைப் பெயர்த்தால் எஞ்சுவது கற்குவியல் மட்டுமே. எந்தக் கல் எத்திசையில் நின்றது, எந்தக் கலம் எந்த எலும்பின் அருகில் இருந்தது என்பதே அதன் வாசகம்.

தென்கொரியாவின் கோச்சாங், ஹுவாசுன், கங்ஹுவா ஆகிய இடங்களின் கற்திட்டைகள் 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. பெயரறியாதோரின் கல்லறைகளும் உலகின் செல்வம் என்பதை அச்சிறப்பு உணர்த்துகிறது. வயலில் ஒரு கல்வட்டத்தைக் காண்போர் அதனைத் தோண்டாமலும் கற்களை நகர்த்தாமலும் வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்பதே முறை. தம் பெயரை எழுதி வைக்காத மக்கள், தம் இறந்தோரை மறவாதிருக்கக் கற்களை நட்டனர். அவை நட்ட இடத்தில் நிற்கும்வரை அந்நினைவும் நிற்கும்.