ஃபாரின் பிஸ்கட் டப்பாவில் அந்த வெள்ளை ஸ்டிக்கர் இருக்கிறதா? வாங்கும் முன் இதைப் பாருங்க!

அக்கா மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. கொஞ்சம் வாயில் பட்டாலே உதடு வீங்கிவிடும். அதனால் வீட்டுக்கு எந்த பிஸ்கட் பாக்கெட் வந்தாலும், அக்கா முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். அவளின் பிறந்தநாளுக்கு ஒருவர் அழகான தகர டப்பாவில் வெளிநாட்டு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். திருப்பிப் பார்த்தால் முழுக்க அரபி எழுத்து. வாங்கிய கடையிலேயே போய்க் கேட்டோம். "ஃபாரின் ஐட்டம்க்கா... தரமாத்தான் இருக்கும்" என்றார் கடைக்காரர். டப்பாவைத் திறக்கவே இல்லை.

உண்மையில், சட்டப்படி அந்த டப்பா கடை அலமாரிக்கே வந்திருக்கக் கூடாது!

துறைமுகத்தில் என்ன நடக்கிறது?

விற்பதற்காக வெளிநாட்டு பிஸ்கட்டை வரவழைப்பவரிடம் இறக்குமதி - ஏற்றுமதி குறியீட்டு எண் இருக்க வேண்டும். கூடவே, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ) மத்திய உரிமமும் வேண்டும். சரக்கு சென்னை, தூத்துக்குடி போன்ற துறைமுகங்களுக்கு வந்ததும், 2017-ல் வந்த இறக்குமதி விதிகளின்படி ஆவணங்களும் லேபிளும் சரிபார்க்கப்படும். தேவைப்பட்டால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கும் அனுப்புவார்கள்.

பிஸ்கட்டில் என்ன பார்ப்பார்கள்? அமிலத்தில் கரையாத சாம்பல் 0.1 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மாவில் மண், தூசு கலந்திருக்கலாம். கொழுப்பின் அமிலத்தன்மை 1.5 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும் நிலைக்குப் போய்விட்டதா என்பதை இது காட்டிக்கொடுக்கும். 2022 ஜனவரி முதல், பிஸ்கட்டில் உள்ள எண்ணெய், கொழுப்பில் டிரான்ஸ் ஃபேட் 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

தேறாத சரக்கு நாட்டுக்குள் வராது. திருப்பி அனுப்பப்படும் அல்லது அழிக்கப்படும்.

ஸ்டிக்கரில் எது இருக்கலாம், எது கூடாது?

இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ லோகோ, உரிம எண், சைவ - அசைவக் குறி போன்றவை வெளிநாட்டுப் பாக்கெட்டில் இருக்காது. இவற்றை மட்டும், சுங்கக் கிடங்கிலேயே உரித்தெடுக்க முடியாத ஸ்டிக்கராக ஒட்ட அனுமதி உண்டு. ஆனால், தயாரிப்பு தேதி, காலாவதி தேதி, சேர்மானப் பட்டியல் ஆகியவை பாக்கெட்டில் ஏற்கெனவே அச்சாகி இருக்க வேண்டும். தேதியின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்தப் பாக்கெட்டை வாங்கவே வேண்டாம்.

`ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ' ஏன்?

இறக்குமதி ஆகும்போது, மொத்த ஆயுளில் 60 சதவிகிதம் அல்லது காலாவதிக்கு 3 மாதம், இதில் எது குறைவோ அந்த அளவு ஆயுள் மிச்சமிருந்தால் போதும். அதாவது, ஓராண்டு ஆயுள் கொண்ட பிஸ்கட், 3 மாதமே மீதமிருக்கும் நிலையிலும் முறைப்படி உள்ளே வரலாம். பிறகு கிடங்கு, மொத்த வியாபாரி என்று சுற்றிக் கடைக்கு வருவதற்குள் கெடு நெருங்கிவிடும். ஆஃபரைப் பார்த்ததும் தேதியையும் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்குகிறீர்களா? டெலிவரி ஆகும்போது 30 சதவிகித ஆயுளோ, காலாவதிக்கு 45 நாளோ மீதமிருக்க வேண்டும் என்று 2024-ல் ஆன்லைன் நிறுவனங்களுக்கு ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது.

சூட்கேஸில் வந்தால்?

துபாயிலிருந்து மாமா வாங்கிவரும் பிஸ்கட், சொந்த உபயோகம் என்பதால் இந்த விதிகளுக்குள் வராது. அதையே `குருவி'கள் மூலம் வரவழைத்துக் கடையிலோ, வாட்ஸ்அப் குரூப்பிலோ விற்றால் அது வியாபாரம். `வீட்ல இருந்து சின்னதா பண்றேன்' என்பவர்களுக்கும் பதிவு அல்லது உரிமம் கட்டாயம். தவறான லேபிளோடு விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

வாங்கும் முன் 5 விஷயங்கள்

* சேர்மானப் பட்டியல் ஆங்கிலத்திலோ, இந்தியிலோ இருக்கிறதா?
* 14 இலக்க உரிம எண் இருக்கிறதா? இறக்குமதியாளரின் எண் பொதுவாக 100 என்று தொடங்கும். ஆணையத்தின் `ஃபாஸ்காஸ்' தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும்.
* பச்சை வட்டமா, பழுப்பு முக்கோணமா? முட்டை சேர்ந்திருந்தால் முக்கோணம்தான்.
* அலர்ஜி எச்சரிக்கை: கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம், சோயா இருந்தால் குறிப்பிட்டே ஆக வேண்டும்.
* எந்த நாட்டில் தயாரானது, எம்.ஆர்.பி எவ்வளவு?

அமெரிக்கப் பாக்கெட்டுகளில் மாதம் முதலில், நாள் அடுத்து வரும். 05/08 என்றால் அங்கே மே 8. நாம் ஆகஸ்ட் 5 என்று நினைத்துக் காலாவதியானதைச் சாப்பிட்டுவிட வாய்ப்பிருக்கிறது.

சந்தேகமாக இருந்தால் பில்லையும் பாக்கெட்டையும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டையும் போட்டோ எடுத்து, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்பலாம்.

அந்த ஸ்டிக்கர் இருந்தால், ஏதாவது பிரச்னை என்றால் கேள்வி கேட்க நம் ஊரில் ஓர் ஆள், ஒரு முகவரி இருக்கிறது என்று அர்த்தம். அது இல்லாத டப்பா எவ்வளவு அழகாக இருந்தாலும், குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள்.